ஆறு சாமான்: சிக்னாலிஸ் விளையாட்டும் நம் பிள்ளைகளின் அபிப்பிராயங்களும்

"ஆறு சாமானுக்கு மேல தூக்க ஏலாதாம் சேர். விசர் கேம்."

சிக்னாலிஸ் என்ற கணினி விளையாட்டைப் பற்றி இறக்குவானை, காவத்தை, பலாங்கொடைப் பக்கத்துப் பிள்ளைகளிடம் கேட்டால் முதலில் வருவது இந்த முறைப்பாடுதான். வெளிநாட்டு விளையாட்டாளர்கள் அதிகம் சண்டை பிடித்ததும் இதே ஆறைப் பற்றியே. சொல் ஒன்றாக இருந்தாலும் முறைப்பாடு ஒன்றல்ல என்பது என் எண்ணம். ஹம்பர்கில் சொகுசு நாற்காலியில் இருந்து சலித்துக்கொள்பவருக்கும், தோட்டத்து லயத்தில் இரவல் லெப்டொப்பில் விளையாடும் பையனுக்கும் "ஆறுக்கு மேல் இல்லை" என்ற கட்டளை ஒரே மாதிரிக் கேட்காது. ஒரு நாவலுக்கோ கவிதைக்கோ வாசகர் அபிப்பிராயம் என்ற ஒன்று இருப்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். விளையாட்டுக்கும் அது உண்டு. நம் பக்கத்தில் அதை யாரும் எழுதி வைப்பதில்லை, அவ்வளவுதான்.

விளையாடாதவர்களுக்காகச் சில வரிகள். சிக்னாலிஸ் 2022 ஒக்டோபர் 27 அன்று வெளிவந்தது. ஜேர்மனியின் ஹம்பர்க் நகரைச் சேர்ந்த யூரி ஸ்டெர்ன், பார்பரா விட்மன் என்ற இருவர் ரோஸ் எஞ்ஜின் என்ற பெயரில் ஏறக்குறைய எட்டு வருடம் இருந்து செய்தது. நாயகி பெயர் எல்ஸ்டர். மனுஷி அல்ல, மனித மாதிரியில் செய்யப்பட்ட "ரெப்லிகா". ஒரு விண்கலச் சிதைவில் கண் விழிக்கிறாள். காணாமற்போன தன் துணையைத் தேடி, ஒரு பனிக்கிரகத்தில் நிலத்துக்கு அடியில் இருக்கும் சுரங்க முகாமுக்குள் இறங்குகிறாள். அங்கே ஒரு நோய் பரவி, காவலுக்கு இருந்த ரெப்லிகாக்கள் எல்லாம் சீரழிந்து அலைகின்றன. தோட்டா குறைவு, மருந்து குறைவு, கதவெல்லாம் பூட்டு. முகாமை நடத்துவது, ஆளுக்கு ஆள் கோப்பு வைத்திருக்கும் ஓர் அரசு.

இந்த வகைக்குப் பெயர் உயிர்பிழைப்புத் திகில். 1989இல் ஜப்பானில் வந்த ஸ்வீட் ஹோம், 1992இல் பிரான்சில் வந்த அலோன் இன் த டார்க் என்று வேரைத் தேடிக்கொண்டு போகலாம். உலகத்துக்கு அதைப் பழக்கியது 1996இல் கெப்கொம் வெளியிட்ட ரெசிடென்ட் ஈவில். அதில் கிறிஸ் என்ற ஆண் பாத்திரம் ஆறு பொருளும், ஜில் என்ற பெண் எட்டும் தூக்கலாம். விளையாட்டைச் சேமித்து வைக்கக்கூட டைப்ரைட்டர் நாடா வேண்டும், அதுவும் எண்ணிக்கைதான். 1999இன் சைலன்ட் ஹில்லில் தெருவெல்லாம் மூடுபனி. தூரத்தை வரைந்து காட்ட அந்த இயந்திரத்துக்குத் திராணி இல்லை, ஆகவே பனியைப் போட்டு மூடினார்கள். மொத்தமாக 2 மெகாபைட் பிரதான நினைவகம் கொண்ட பெட்டி அது. போதாமை அழகாகிப் போனது. இன்று அந்தப் போதாமையை வேண்டுமென்றே திரும்பச் செய்கிறார்கள். கணினிக்கு எவ்வளவோ பலம் இருந்தும், கோடுகள் நடுங்குகிற, முகம் கட்டம் கட்டமாகத் தெரிகிற பழைய படம். "ரெட்ரோ" என்பது அதுதான்.

இங்கேயே முதல் வேறுபாடு வந்துவிடுகிறது. வெளியூர் விமர்சனங்களில் திரும்பத் திரும்ப வரும் சொல், ஏக்கம். சின்ன வயதில் வீட்டு ஹோலில் கார்ப்பெட்டில் இருந்து விளையாடியதை நினைத்து உருகுகிறார்கள். நம் டவுன்களில் பிளேஸ்டேஷன் வீட்டுக்கு வந்த சாமான் அல்ல. பஸ் நிலையத்துக்குப் பின்னால், தகரக் கூரைக் கடையில், மணித்தியாலக் கணக்குக்கு வாடகைக்கு விட்டார்கள். மெமரி காட் கடைக்காரருடையது. நாம் சேமித்ததை அடுத்த பையன் வந்து அழித்துவிட்டுத் தன்னுடையதைப் போடுவான். அதனால் என் வயதுக்காரர் பலருக்கு ரெசிடென்ட் ஈவில் என்றால் அந்த மாளிகையின் முதல் ஒரு மணித்தியாலம் மட்டும்தான். நாய் கண்ணாடியை உடைத்துப் பாயும் நடைபாதை எல்லாருக்கும் தெரியும். நிலக்கீழ் ஆய்வுகூடத்தைக் கண்டவன் ஒருத்தனும் இல்லை. முடிவே இல்லாத ஒரு கதையாகத்தான் அது எங்களுக்கு இருந்தது.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அந்த ஏக்கமும் கிடையாது. பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவரிடம், ஏன் இந்தப் பழைய தோற்றத்து விளையாட்டைத் தெரிவு செய்தீர் என்று கேட்டேன். "புதுக் கேம் ஒன்டும் என்ட லெப்டொப்ல ஓடாது நானா. இது ஓடுது." அவ்வளவுதான். அழகியல் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதலாம். "ஓடுது" என்ற ஒரு சொல்லில் அதைவிடப் பெரிய விமர்சனம் இருக்கிறது. இந்த விளையாட்டு வந்த வருடத்தையும் மறக்கக்கூடாது. 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாடு இது. அதே வருடம்தான் பெற்றோலுக்கு கியூஆர் பாஸ் வந்தது. கிழமைக்கு இத்தனை லீற்றர், அதற்கு மேல் இல்லை. சாமானை எண்ணி எண்ணித் தூக்குவதை விளையாடிப் பார்க்க வேண்டிய அவசியம் அப்போது நமக்கு இருக்கவில்லை.

இனி அந்த ஆறுக்கு வருவோம். டோர்ச் ஒன்று, துவக்கு ஒன்று, அதற்குத் தோட்டா, மருந்து ஒன்று என்று எடுத்தாலே நாலு இடம் போய்விடும். மிச்சம் இரண்டு இடத்தில் சாவியைத் தூக்குவதா, உடைந்த பொருளின் பாதியைத் தூக்குவதா? பெட்டி இருக்கும் அறைக்குத் திரும்பி ஓட வேண்டும், வைத்துவிட்டு மறுபடி வரவேண்டும். ஆதரிப்பவர்கள் இதுதான் பதற்றத்தின் ஊற்று என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் வெறும் நடை என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் பக்கம் பாதி நியாயம் உண்டு: ஒரு மாடியிலுள்ள எதிரிகளை ஒதுக்கிவிட்ட பிறகு, பெட்டிக்கும் கதவுக்கும் இடையில் நாலாம் முறை நடப்பதில் பயமும் இல்லை, யோசனையும் இல்லை.

ஆனால் இரு தரப்பும் தாண்டிப்போகும் ஒரு விஷயம் உண்டு. ரெசிடென்ட் ஈவிலில் ஆறு என்பது வடிவமைப்பாளர் போட்ட எல்லை. ஏன் ஆறு என்று கதைக்குள் யாரும் சொல்வதில்லை. சிக்னாலிஸில் அது முகாமின் ஒழுங்குவிதி. ஆறு பொருளுக்கு மேல் கையில் வைத்திருக்கக்கூடாது என்பது மேலிடத்துக் கட்டளையாகவே கதைக்குள் வருகிறது. அதிகாரம் இடிந்து, அதிகாரிகள் பிணமாகித் திரியும் இடத்திலும் எல்ஸ்டர் அந்த விதியை மீறுவதில்லை. அவளால் முடியாது என்பதல்ல. மீற வேண்டும் என்ற எண்ணமே அவளுக்குள் இல்லை.

இதை எனக்கு விளக்கியவர் எந்த விமர்சகரும் அல்ல. காவத்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்து ஏ.எல். படிக்க வரும் பையன். "இது நம்ம தோட்டத்து ஆபீஸ் மாதிரிதாங்க சேர். தொரை வூட்டுல இல்லன்னாலும் கொழுந்து நிறுக்கிற எடத்துல சட்டம் இருக்கும்ல." நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று 2021இல் வர்த்தமானியில் வந்ததை நாம் பத்திரிகையில் வாசித்தோம். தராசடியில் நிற்பவருக்கு வேறு கணக்கு: குறித்த கிலோ வந்தால் பேர், வராவிட்டால் அரைப் பேர். மழைக் கொழுந்துக்கு ஈரக் கழிவு, சாக்குக்குக் கழிவு. எண் எங்கிருந்து வந்தது என்று கேட்க ஆள் இல்லை. அந்தப் பையன் ஆறு சாமானைப் பற்றிக் குறை சொல்லவேயில்லை. டவுன் பிள்ளைகள்தான் குறை சொன்னார்கள். அவர்கள் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், பெட்டியில் எவ்வளவும் போடலாம் என்று பழகியவர்கள். இதில் என் இனத்தாரைக் குத்துவதாக யாரும் எடுக்க வேண்டாம். நானும் கடை வீட்டில் வளர்ந்தவன்தான்.

எதிரிகள் செத்தும் எழும்புகிறார்கள் என்பது அடுத்த குறை. சுட்டு விழுத்திய உடல் கொஞ்ச நேரத்தில் மறுபடி எழும்பும். நிரந்தரமாக முடிக்க வேண்டுமென்றால் எரிக்க வேண்டும். எரிக்கும் குச்சியோ அரிது, அதற்கும் ஒரு இடம் போகும். "தோட்டாவ வீணாக்கி என்ன பிரயோசனம், ஓடிப் பெய்த்துடலாம்" என்றார் ஒரு தம்பி, குறை சொல்லும் தொனியில். உண்மையில் அவர் விளையாட்டைச் சரியாகப் பிடித்துவிட்டார். வெல்வதற்கு அல்ல, விலகிப் போவதற்கே சொல்லித் தருகிற விளையாட்டு இது.

பயம் என்ற விஷயத்தில்தான் அபிப்பிராயங்கள் பலவாகப் பிரிகின்றன. "பேய் எங்க?" என்று ஏமாந்தவர்கள் உண்டு. மஃரிபுக்குப் பிறகு வாழைமரத்தடிக்குப் போகாதே என்று உம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஜின் என்றால் ஒரு பயம். தோட்டத்துப் பிள்ளைக்கு ஃபெக்டரிப் பக்கத்து ரோதை முனி என்றால் இன்னொரு பயம். அவற்றுக்கு ஓர் இடம் உண்டு, ஒரு மரியாதை உண்டு, நாம் எல்லை தாண்டாவிட்டால் அவையும் தாண்டா. சிக்னாலிஸில் வருவது அந்த மாதிரி அல்ல. நேற்றுவரை வரவுப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தவர்களே இன்று உருக்குலைந்து வருகிறார்கள். அதிகாரம் நோய்ப்பட்டால் எப்படியிருக்கும் என்ற பயம் அது. பேய்ப் பயத்தை எதிர்பார்த்தவருக்கு அது உறைக்காது.

கேகாலைப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் வேறொன்று சொன்னார். அவருக்கு எதிரிகள் பயமில்லை, சத்தம்தான் பயம். கதவுக்கு அந்தப் பக்கம் எதுவோ உறுமுவது, சுவருக்குள் இயந்திரம் முனகுவது, இரண்டும் அடங்கி நிசப்தமாவது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்க சாமசர மலை சரிந்ததும், அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போனதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மாவட்டத்தில் மழை இராத்திரியில் மேட்டுப் பக்கம் காது வைத்துப் படுப்பவர்கள் இன்றும் உண்டு. அவர் அதற்கு மேல் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த விளையாட்டின் ஒலிக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சுரங்கத்தைப் பற்றி ஒரு கருத்து. இரத்தினபுரி மாணிக்கப் பத்தலில் வேலை செய்யும் ஒருவர், மருமகனுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "பத்தல்ல வேல செய்றவன் ஒருத்தனையும் காணல்லியே. எல்லாம் ஒப்பீஸும் ஆஸ்பத்திரியும்." இந்த விளையாட்டின் மீது நான் கேட்ட கனமான விமர்சனம் இதுதான். முகாம் சுரங்கத்துக்காகக் கட்டப்பட்டது. அங்கே தண்டனைக்கும் வேலைக்குமாக அனுப்பப்பட்ட மனிதர்கள் இருந்தார்கள். ஆனால் நாம் நடப்பதில் பெரும்பகுதி அதிகாரிகளின் அறைகளும், காவலரின் படுக்கையறைகளும்தான். தொழிலாளர் காகிதங்களில் வருகிறார்கள், பட்டியல்களில் வருகிறார்கள், நேரில் வருவது அபூர்வம். ஒடுக்குமுறையைப் பற்றிப் பேசும் கலை ஒடுக்குபவனின் உத்தியோக உடையின் மேலேயே கண் வைத்து நின்றுவிடுவது இந்த விளையாட்டில் மட்டும் உள்ள குறை அல்ல.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை பாஷை. "கதையே இல்ல சேர்" என்பதும் "கதை வெளங்கல்ல" என்பதும் இரண்டு வேறு அபிப்பிராயங்கள். நம் பிள்ளைகளிடம் அவை கலந்து வருகின்றன. சிக்னாலிஸின் கதை முக்கால்வாசி மேசைகளில் கிடக்கும் குறிப்புகளில் இருக்கிறது: ஒரு நாட்குறிப்பு, ஒரு நோயாளர் அறிக்கை, ஓர் எச்சரிக்கை அறிவித்தல். ஆங்கிலம் உண்டு, ஜேர்மன் உண்டு, தமிழ் இல்லை. சிங்களமும் இல்லை. ஆங்கிலத்தில் தடவிப் போகிற பிள்ளை குறிப்பை மூடிவிட்டுச் சாவியைத் தேடும். அவருக்குக் கிடைப்பது கதை கழிந்த ஒரு சண்டை விளையாட்டு. அதை வைத்து அவர் சொல்லும் அபிப்பிராயம் பிழையென்று எப்படிச் சொல்வது? அவருக்குத் தரப்பட்டதற்கு அவர் நேர்மையாகத்தான் தீர்ப்புச் சொல்கிறார்.

ஒரு வேடிக்கையும் உண்டு. விளையாட்டின் நடுவே எல்ஸ்டர் ஒரு கதவைத் திறக்க முடியாமல் விழுகிறாள், திரை முதற்பக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. முடிந்துவிட்டது போல ஒரு பாவனை. மறுபடி தொடங்கினால்தான் மிச்சக் கதை வரும். எங்கள் ஊரில் இரண்டு பேர் அந்த இடத்தோடு நிறுத்திவிட்டு, "செத்துப் பெய்த்து, முடிஞ்சி" என்று மற்றவர்களுக்கும் கதை சொல்லித் திரிந்தார்கள். வாடகைக் கடையில் நாங்கள் விளையாடிய ரெசிடென்ட் ஈவில் போல, அவர்களுக்கும் பாதிக் கதையே முழுக்கதை.

புதிர்கள் பற்றிக் கேட்ட அபிப்பிராயங்கள் வியப்பாகவே நல்லவை. வானொலி அலைவரிசையைத் திருகி, இரைச்சலுக்குள் எண்களைக் கேட்டுக் கதவு திறக்கும் பகுதியை எல்லாரும் ரசித்திருக்கிறார்கள். சிற்றலை வானொலியைத் திருகிப் பழகிய தலைமுறைக்கு அது இன்னும் பிடிக்கும். விடை சொன்னால்தான் வழி என்ற அமைப்பு நமக்குப் புதிதும் அல்ல. 1572இல் அரங்கேறிய ஆயிரம் மசலா தொடங்கி நம் இலக்கியத்தில் மசலா என்ற ஒரு வகையே இருக்கிறது. நூறு மசலாவில் இளவரசி கேட்கும் கேள்விகளுக்கு விடை சொன்னால்தான் அப்பாஸுக்குக் கதவு திறக்கும். வித்தியாசம் என்னவென்றால், மசலாவில் விடை சொல்லும்போது கேட்பவரும் ஏதாவது கற்றுக்கொள்கிறார். சிக்னாலிஸின் புதிர்களில் சில அப்படி. பல வெறும் பூட்டுகள்.

இரவல் அதிகம் என்ற குற்றச்சாட்டையும் சொல்லிவிட வேண்டும். பொக்லின் வரைந்த மரித்தோர் தீவு ஓவியம் வருகிறது, 1895இல் வந்த மஞ்சள் உடை அரசன் என்ற கதைத்தொகுதி வருகிறது, சைலன்ட் ஹில்லின் நிழல் எங்கும் விழுகிறது. அறிந்தவர்களுக்கு விருந்து. அறியாதவர்களுக்கு, அறியவில்லையே என்ற கூச்சம் மட்டும். இந்த வகையில் 2024இல் வந்த க்ரோ கன்ட்ரி பணிவானது. வியன் சகோதரர்கள் என்ற இரு ஆங்கிலேயர் செய்தது. கைவிடப்பட்ட ஒரு கேளிக்கைப் பூங்காவில், 1990இல் நடப்பது. எதிரிகள் தாக்காமல் சுற்றிப் பார்க்க மட்டும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அதைச் சின்னப்பிள்ளை வேலை என்று சிரிப்பவர்கள் உண்டு. என் தங்கச்சி மகள் அந்த முறையில்தான் அதை முடித்தாள். ஒவ்வொரு குறிப்பையும் வாசித்தவளும் அவள் ஒருத்திதான். துவக்கை வைத்து வேகமாக முடித்த அவளுடைய நானாவிடம் கதையைக் கேட்டால் அவளைத்தான் கூப்பிடுகிறார்.

இரண்டில் எது மேல் என்று கேட்டால் எனக்கு சிக்னாலிஸ்தான். காரணம் அதன் தேடல். 1964 ஒப்பந்தத்தில் 975,000 பேரைக் கணக்குப் பார்த்து, 525,000 அங்கே, 300,000 இங்கே, மிச்சம் 150,000 பிறகு பார்ப்போம் என்று எழுதிக்கொண்ட மண் இது. அந்த மிச்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். படிவத்தில் வேறு வேறு பக்கம் போன உடன்பிறப்புகள் சப்ரகமுவத் தோட்டங்களில் வீட்டுக்கு வீடு உண்டு. பெயரும் படமும் மட்டும் மிஞ்சிய ஒருத்தியைத் தேடி, கோப்புக் கோப்பாகப் புரட்டி, கீழே கீழே இறங்கும் ஒருத்தியின் கதை அங்கே எப்படி விளங்கும் என்பதை ஹம்பர்கில் இருந்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

அந்த ஏ.எல். பையன் இப்போது குறிப்புகளை ஒரு சீஆர் கொப்பியில் தமிழில் எழுதி வருகிறார், தம்பிமாருக்காக. முப்பது பக்கம் வரை வந்திருக்கிறது. ரெப்லிகாவுக்குப் "பிரதி" என்று போட்டது எனக்கும் சரியாகப்படுகிறது. சண்டை வந்தது கெஸ்டால்ட் என்ற சொல்லில். விளையாட்டில் அது பிறந்து வளர்ந்த மனிதரைக் குறிப்பது, ஆனால் அன்பாகச் சொல்லும் சொல் அல்ல, கோப்பில் எழுதும் சொல். நான் "மாந்தர்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு "ஆள்" என்று எழுதினார். இன்றைக்கு எத்தனை ஆள், எந்த மலையில் எத்தனை ஆள் என்று பிரட்டுக்களத்தில் கேட்கிறார்களே, அந்த ஆள்.